பூனைக்கொரு காலம்

"யானைக்கொரு காலம், பூனைக்கொரு காலம்" என்பது நம் முன்னோர் மொழி. பூனைக்கு வந்த அக்காலத்தைக் கண்ணாற் காணும் வாய்ப்பு இலண்டன் மாநகரிலே நமக்குக் கிடைத்தது.

நம் வீடுகளிற் பூனை வாழும் வாழ்வை யாவரும் அறிவோம். மீன் வெட்டும் வேளையில் அதட்டல். நெல் மூட்டையை எலி அரிக்கும் வேளையில் அன்பான அழைப்பு. நல்ல காரியத்திற்குப் புறப்படும்போது குறுக்கே வந்துவிட்டால் வசை. குட்டிகள் பிறந்துவிட்டாலோ, சாக்கிலே கட்டிச் சந்தையடியிற் கொண்டுபோய் விட்டுவிடுதலும் உண்டு. இத்தகைய பிராணியை ஒரு பெரிய மண்டபத்துக்கு அழைத்துச் சென்று, வைத்தியர் சோதித்து, நடுவர் ஆராய்ந்து, பரிசும் வழங்குகின்றனர் என்று கேட்டால் நம்மவர் நகைப்பர். வமிசாவளி எழுதி வளர்க்கப்படும் உயரினப் பூனைகளுக்கு மட்டுமன்றி, பெற்றோர் யாரென்று தெரியாத வீட்டுப் பூனைக்கும் அங்கே இடமுண்டு என்று கேட்டால் வியப்பர். அத்தகைய ஒரு பூனை தன் முதற் கண்காட்சிக்கு ஆயத்தமான வரலாற்றையே இங்கு எழுதப் புகுந்தோம்.

சிடனம் குன்றிலே

கண்காட்சியைப் பார்ப்பதற்கு முன், அது பிறந்த இடத்தைப் பார்த்து வர விரும்பினோம். இலண்டன் விக்டோரியா நிலையத்திலிருந்து தெற்கு நோக்கிப் புகையிரதத்தில் அரைமணி நேரம் சென்றால் 'கிறிஸ்டல் பலஸ்' என்னும் நிலையம் வருகிறது. 'பளிங்கு மாளிகை' என்று பொருள்படும் இப்பெயரைக் கேட்டு மாளிகையைத் தேடுவோர் ஏமாற்றமே அடைவர். 1851ஆம் ஆண்டு ஹைட் பூங்காவில் நடைபெற்ற மாபெரும் பொருட்காட்சிக்கென இரும்பாலும் கண்ணாடியாலும் எழுப்பப்பட்டது அம்மாளிகை. பின்னர் அது பெயர்த்தெடுக்கப்பட்டுச் சிடனம் குன்றின்மேல் முன்னையினும் பெரிதாக அமைக்கப்பட்டு, 1854இல் மீண்டும் திறக்கப்பட்டது. 1936 நவம்பர் 30ஆம் நாள் இரவு தீக்கு இரையாயிற்று. இன்று எஞ்சியிருப்பவை அகன்ற மேடைகளும், கற்படிகளும், மனித முகமும் சிங்க உடலும் கொண்ட சில சிலைகளுமே. பூங்காவின் தாழ்ந்த பகுதியிலே, குளக்கரையில், பண்டைக்காலப் பெருவிலங்குகளின் உருவங்கள் நிற்கின்றன. அவையும் 1854ஆம் ஆண்டுக் காலத்தவையே. பள்ளிச் சிறுவர் கூட்டம் அவற்றையே சுற்றிச் சுற்றி வருகின்றது.

அங்கே பூனைக்கென்று சிலையெதுவும் நம் கண்ணிற்படவில்லை. ஆயினும், ஒழுங்காக விதிகள் வகுத்து, நடுவர் அமர்த்தி நடத்தப்பெற்ற முதற் பெரும் பூனைக் கண்காட்சி நடந்தது அக்குன்றிலேதான். 1871 யூலை 13ஆம் நாள், வியாழக்கிழமை, ஏறக்குறைய 170 பூனைகள் அக்கண்ணாடிக் கூரையின் கீழே கூண்டுகளில் வைக்கப்பட்டன. மக்கள் திரள்திரளாக வந்து பார்த்துச் சென்றனர்.

இதனை ஏற்பாடு செய்தவர் ஹரிசன் வியர் என்னும் ஓவியர். 1824 முதல் 1906 வரை வாழ்ந்த இவர், நூல்களுக்கும் பத்திரிகைகளுக்கும் பறவைகளையும் விலங்குகளையும் வரைந்து பெயர் பெற்றவர். அக்காலத்து இங்கிலாந்திலும் பூனையின் நிலை நம் நாட்டிலுள்ளதைப்போலத் தாழ்ந்தே இருந்தது. எலி பிடிக்கும் வேலைக்காக மாத்திரம் பொறுத்துக்கொள்ளப்பட்ட ஒரு பிராணி, கல்லெறிந்தாலும் கேட்பாரில்லை. நன்கு பேணப்பட்ட பூனைகளை ஒரே இடத்திற் கண்டால், மக்கள் தம் வீட்டுப் பூனையையும் கனிவோடு நோக்குவர் என்று வியர் நம்பினார். பூனைகளின் நிறம், உரோமம், உடலமைப்பு முதலியவற்றுக்குப் புள்ளிகள் வகுத்து, தம் சகோதரருடன் தாமும் நடுவராக இருந்தார்.

அன்று காலை புகையிரதத்தில் அங்குச் செல்லும்போது அவர் மனம் கலங்கிற்றாம். இத்தனை பூனைகளும் ஒருங்கு சேர்ந்தால் என்ன நேருமோ? உண்ண மறுக்குமோ? விடுதலை வேண்டிக் கதறுமோ? உள்ளே சென்று பார்த்தால், பூனைகள் செந்நிற மெத்தைகளிற் சாய்ந்து, மெல்லென உறுமிக்கொண்டு, பால் அருந்தியவாறு இருந்தனவாம். 1889இல் தாம் வெளியிட்ட நூலில் அவரே இதனைச் சொல்லுகிறார்.

அவர் அஞ்சியதில் தவறில்லை. நாய் மனிதரைச் சார்ந்து வாழ்வது. பூனையோ இடத்தைச் சார்ந்து வாழ்வது. தன் மணம் படிந்த சுவரும், தான் ஏறிய மதிலும், தான் உறங்கிய மூலையுமே அதன் உலகம். அவ்வுலகத்திலிருந்து பெயர்த்தெடுத்து, அயலார் நடுவிலே, நூறு பூனைகளின் வாடையிலே கொண்டுபோய் வைத்தால் அஃது அஞ்சாமல் இருப்பதெப்படி? இவ்வினாவுக்கு விடையை நாம் தங்கியிருந்த வீட்டிலே கண்டோம்.

பெட்டி என்னும் பகைவன்

தென் இலண்டனில் ஒரு தாயும் அவருடைய பன்னிரண்டு வயது மகளும் வாழும் வீடு அது. அவர்களுடைய பூனைக்குப் பெயர் 'பெப்பர்'. நம் மொழியிற் சொன்னால் மிளகு. சாம்பல் நிறத்திலே கரிய வரிகள் ஓடும் பெண்பூனை. கைவிடப்பட்ட பிராணிகளைப் பேணும் இல்லம் ஒன்றிலிருந்து மூன்றாண்டுகளுக்கு முன் அழைத்து வரப்பட்டது. இடக்காதின் நுனியில் ஒரு சிறு கிழிவு. பெற்றோர் யாரோ, பிறந்த தெரு எதுவோ, அறிவார் இல்லை.

பெப்பரைக் கண்காட்சிக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்பது சிறுமியின் ஆசை. தாய் ஒரே ஒரு நிபந்தனை விதித்தார்: "பூனை சம்மதித்தாற் போவோம்."

பூனையின் சம்மதத்தைப் பெறுவது எங்ஙனம்? அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட காலம் மூன்று மாதம். அம்மூன்று மாதத்தின் பெரும்பகுதியும் ஒரு பிளாஸ்டிக் பெட்டியின் பொருட்டே கழிந்தது.

பூனையைத் தூக்கிச் செல்லும் அப்பெட்டி, வைத்தியரிடம் போகும் நாளில் மட்டுமே அலுமாரியின் மேலிருந்து இறங்கும். ஆகவே அதனைக் கண்டதும் பெப்பர் கட்டிலின் கீழே மறைந்துவிடும். சிறுமி முதலிற் செய்தது அப்பெட்டியை வரவேற்பறையின் ஒரு மூலையிலே நிரந்தரமாக வைத்ததே. கதவைக் கழற்றிவிட்டாள். உள்ளே பழைய போர்வை ஒன்றை விரித்தாள். முதல் வாரம் பெட்டிக்கு எட்டத்திலே மீன் துண்டு வைத்தாள், அடுத்த வாரம் வாசலிலே, பின்னர் உள்ளே. நான்காம் வாரத்தில் ஒருநாள், எவரும் அழையாமலே பெப்பர் அதனுள்ளே படுத்து உறங்கிக்கொண்டிருந்தது. அன்று அவ்வீட்டில் நிலவிய மகிழ்ச்சி, தேர்விலே சித்தியடைந்த பிள்ளையின் வீட்டு மகிழ்ச்சிக்குச் சற்றும் குறைந்ததன்று.

அதன் பின் கதவை மாட்டி ஒரு நிமிடம் சாத்தினார்கள். பிறகு ஐந்து நிமிடம். பெட்டியைத் தூக்கி வீட்டினுள்ளேயே நடந்தார்கள். மோட்டார் வண்டியில் வைத்து, வண்டியை இயக்காமலே சிறிது நேரம் உட்கார்ந்திருந்தார்கள். பின்னர் தெருவை ஒருமுறை சுற்றினார்கள். எந்தப் படியிலாவது பூனை வாய் திறந்து மூச்சு வாங்கினாலோ, காதுகளை மடக்கிக்கொண்டாலோ, விடாது கத்தினாலோ அந்தப் படியிலிருந்து இறங்கி முந்திய படிக்கு மீள்வது என்பது அவர்களுடைய விதி. இவ்விதியினால் இருமுறை பின்வாங்க நேர்ந்தது. சிறுமி முகம் வாடினாளேயன்றி அவசரப்படவில்லை.

அடுத்த பாடம் அயலார் கை. கண்காட்சியில் நடுவரும் அவருடைய உதவியாளரும் பூனையைத் தூக்குவர்; காதைப் பார்ப்பர்; உதட்டை உயர்த்திப் பல்லைப் பார்ப்பர்; வாலின் நுனிவரை தடவுவர். ஆதலால் வீட்டுக்கு வந்த விருந்தினர் ஒவ்வொருவரும் நடுவராக்கப்பட்டனர். நாமும் அப்பதவிக்குத் தப்பவில்லை. முதலிற் கையை நீட்டி மோந்து பார்க்கவிட வேண்டும். பின்னர் ஒரு கையால் மார்பையும் மற்றக் கையால் பின்னங்கால்களையும் தாங்கித் தூக்க வேண்டும். பிடரித் தோலைப் பிடித்துத் தூக்குதல் கூடாது. மேசைமேல் நிறுத்திப் பத்து விநாடி பார்த்தல். உடனே ஒரு துண்டு மீன். இவ்வளவே. பத்து விநாடி முப்பதாயிற்று. முப்பது ஒரு நிமிடமாயிற்று. வானொலியைச் சற்று உரக்க வைத்தார்கள். பாத்திர மூடிகளைத் தொலைவிலிருந்து தட்டினார்கள். வியர் கண்ட அமைதி செந்நிற மெத்தையினால் மட்டும் வந்திராது என்பது நமக்கு விளங்கலாயிற்று.

தவிட்டுக் குளியல்

உள்ளத்தைப் பழக்கிய பின்னரே உடலை அழகுபடுத்தினர். இதிலும் நம் வாசகர்கள் அறிந்துகொள்ளத்தக்கன சில உண்டு.

நுழைவுப் பத்திரத்தைப் பல வாரங்களுக்கு முன்பே அனுப்பிவிட வேண்டும். பூனைக் காய்ச்சலுக்கும், குடலைத் தாக்கும் கொடிய நச்சுயிரி நோய்க்கும் தடுப்பூசி ஏற்றிய சான்றுப்பத்திரம் வேண்டும். வளர்ந்த வீட்டுப் பூனையாயின் கருத்தடைச் சிகிச்சை செய்யப்பட்டிருக்க வேண்டும். நகங்கள் வெட்டப்பட்டிருக்க வேண்டும். வெட்டுவது கண்ணாடிபோலத் தெளிந்த நுனியை மாத்திரமே. உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரியும் பகுதியில் இரத்தமும் நரம்பும் ஓடுகின்றன. அங்குக் கத்தரி பட்டால் வலியுண்டாகும். பின்னர் ஒருபோதும் பூனை காலை நீட்டாது. பெப்பரின் நகங்களைச் சிறுமி ஒரே நாளில் வெட்டவில்லை. இன்று இரண்டு, நாளை இரண்டு என்று, அது தூக்கக் கலக்கத்தில் இருக்கும்போது வெட்டி முடித்தாள்.

காதின் வெளிமடலைச் சற்று நனைத்த பஞ்சினால் துடைத்தனர். காதின் உள்ளே எதனையும் செலுத்தவில்லை. கண்ணோரப் பீளையைக் கண்ணுக்கொரு பஞ்சாகத் துடைத்தனர். உரோமத்தை நாள்தோறும் ஐந்து நிமிடம் வாரினர். வாரிய உரோமம் பூனையின் வயிற்றுக்குட் போகாமலிருப்பது இதன் மற்றொரு பயன். வாராவிட்டால், நக்கி விழுங்கிய உரோமம் உருண்டையாகித் துன்பம் தரும்.

குளிப்பாட்டுதல் பற்றி நாம் வினவியபோது தாய் நகைத்து, ஒரு பை கோதுமைத் தவிட்டைக் கொண்டுவந்து காட்டினார். குறுகிய உரோமமுள்ள பூனைகளுக்கு ஆங்கிலேயர் நெடுங்காலமாகச் செய்துவரும் தவிட்டுக் குளியலாம் அது. தவிட்டை அடுப்பிலே இளஞ்சூடாக்கி, முதலில் தம் கையில் வைத்துச் சூடு பார்த்து, பூனையின் உரோமத்தினுள்ளே விரல்களால் தேய்த்து, துவாயாற் சிறிது நேரம் போர்த்தி வைத்து, பின்னர் ஒரு துகளும் எஞ்சாமல் வாரி எடுத்தனர். எண்ணெய்ப் பிசுக்கும் அழுக்கும் தவிட்டோடு போயின. நம் பாட்டிமார் எண்ணெய்த் தலைக்கு அரப்புத் தேய்த்த முறை நினைவுக்கு வந்தது. முடிவில் ஒரு பட்டுத் துணியால் தலையிலிருந்து வால்வரை தடவியதும் கரிய வரிகள் மெருகேற்றிய மரம்போற் பளபளத்தன.

செய்யாதவற்றையும் சொல்ல வேண்டும். பால் கொடுக்கவில்லை. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிப்பதில்லை, வயிற்றோட்டம் உண்டாகும். வியர் காலத்துப் பூனைகள் பால் அருந்தியது உண்மையே. எனினும் இன்று பூனை வளர்ப்போர் தண்ணீரே வைக்கின்றனர். புதிய உணவு எதனையும் அவ்வாரத்திற் கொடுக்கவில்லை. நாய்க்கென விற்கப்படும் தெள்ளு மருந்துகளை அருகிலும் கொண்டுவரவில்லை. அவற்றுட் சிலவற்றிற் கலந்துள்ள பெர்மெத்ரின் என்னும் பொருள் பூனைக்கு நஞ்சு. நாம் தலைவலிக்கு விழுங்கும் பரசிட்டமோல் குளிசையும் பூனையின் உயிரைப் போக்கவல்லது. இது நம் வீடுகளிலும் நினைவிற் கொள்ளவேண்டிய செய்தியாகும்.

வெண்மையின் நீதி

கண்காட்சி நாளன்று விடியுமுன்னரே புறப்பட்டோம். இலண்டனுக்கு வெளியே ஒரு சிறு நகரின் விளையாட்டு மண்டபம். உள்ளே நீண்ட மேசைகளின்மேல் வரிசை வரிசையாகக் கம்பிக் கூண்டுகள். வாயிலில் பெட்டிகளுடன் நீண்டதொரு வரிசை. வயோதிபர், இளந் தம்பதிகள், பாட்டியும் பேரனுமாக வந்தோர் எனப் பலரும் நின்றனர். பேச்செல்லாம் தாழ்ந்த குரலிலேயே நடந்தது.

முதலிற் கடக்கவேண்டியது மிருக வைத்தியரின் மேசை. கண், காது, வாய், உரோமம் ஆகியவற்றை அவர் பார்வையிடுகிறார். தெள்ளோ, படர்தாமரையோ, மூக்கொழுக்கோ காணப்பட்டால் பூனைக்கு அனுமதியில்லை. ஒரு பூனையின் நோய் ஒரே நாளில் நூறு வீடுகளுக்குப் பரவிவிடும் அன்றோ? பெப்பரின் முறை வந்தபோது சிறுமியின் கை நடுங்கிற்று. பூனையின் உடல் நடுங்கவில்லை. வைத்தியர் கிழிந்த காதைத் தடவிப் பார்த்து, "பழைய போர்க்காயம்" என்று சொல்லி உள்ளே அனுப்பினார்.

பிரித்தானியாவின் மரபான முறையிலே ஓர் அழகிய ஒழுங்கு உண்டு. கூண்டினுள் விரிக்கும் போர்வை வெண்மை, தண்ணீர்க் கிண்ணம் வெண்மை, மலத்தட்டும் வெண்மை. பெயரில்லை, படமில்லை, அலங்காரமில்லை. ஓர் இலக்கம் மட்டுமே உண்டு. இது செல்வர் வீட்டுப் பூனையா, ஏழை வீட்டுப் பூனையா, முன்பு பரிசு பெற்றதா, இன்றுதான் முதன்முறை வந்ததா என்பது நடுவருக்குத் தெரியலாகாது என்பதே நோக்கம். சிறுமி இதிலும் ஒரு நுட்பம் செய்திருந்தாள். அவ்வெள்ளைப் போர்வையைச் சில நாள் பெப்பர் உறங்கும் இடத்தில் விரித்து வைத்திருந்தாள். பார்வைக்கு அது மற்றவற்றைப் போன்ற போர்வை. பெப்பரின் மூக்குக்கோ அது சொந்த வீடு.

பத்து மணியளவில் உரிமையாளர் அனைவரும் வெளியேற வேண்டும் என அறிவித்தனர். உள்ளே நடுவர் கூண்டு கூண்டாகச் செல்வர். உதவியாளர் சிறிய உருளை மேசையொன்றைத் தள்ளிச் சென்று பூனையை எடுத்து அதன்மேல் வைப்பர். அமெரிக்கா முதலிய பிற இடங்களில் உரிமையாளரே பூனையை நடுவர் மேசைக்குக் கொண்டுசெல்லும் வழக்கம் உண்டு. இங்கேயோ பூனை தனியே நின்றே தேர்வெழுத வேண்டும்.

உயரினப் பூனைகளுக்கு மூக்கின் வளைவு, கண்ணின் நிறம், வாலின் நீளம் என்று எழுதிய இலக்கணம் உண்டு. வீட்டுப் பூனைக்கு இலக்கணமில்லை. உடல்நலம், தூய்மை, இணக்கம், காண்போர் மனத்தைக் கவரும் இயல்பு ஆகியனவே பார்க்கப்படுகின்றன. சுருங்கச் சொன்னால், அங்கே மதிப்பிடப்படுவது பூனை மட்டுமன்று. அது வாழும் வீடும் மதிப்பிடப்படுகிறது.

பரிசு பெறாத ஒருவர்

தேநீர்ச்சாலையில் எல்லாரும் காத்திருந்தபோது நாம் கண்டதொன்றை மறத்தற்கில்லை. உரிமையாளர் வெளியேறுவதற்குச் சற்று முன்னர், பெப்பரின் கூண்டுக்கு அப்பால் வெண்பனிபோன்ற நீண்ட உரோமமுடைய பூனையொன்று கூண்டின் பின்மூலையில் ஒடுங்கியிருந்தது. கருவிழி முழுதும் விரிந்து, காது மடிந்து, உடல் நடுங்கிக்கொண்டிருந்தது. அதன் உரிமையாளரான மூதாட்டி சில நிமிடம் அதனையே பார்த்து நின்றார். அவர் வேறொரு கோட்டத்திலிருந்து நெடுந்தூரம் வந்தவர் என அறிந்தோம். அருகிலிருந்தோர், "சற்றுப் பொறுங்கள், இவ்வளவு அழகிய பூனைக்கு முதற்பரிசு நிச்சயம்" என்றனர். அவர் பதிலொன்றும் சொல்லவில்லை. கூண்டைத் திறந்தார், பூனையைப் போர்வையோடு வாரி எடுத்துப் பெட்டியில் வைத்தார், அலுவலரிடம் ஒரு சொல் சொல்லிவிட்டு நடந்தார். கட்டிய கட்டணமும், பல மாத உழைப்பும், வந்த தூரமும் அவருக்கு அந்நேரம் பொருட்டாகத் தோன்றவில்லை.

"அவர் தோற்றுப்போனாரா?" என்று சிறுமி தாயிடம் கேட்டாள். "இல்லை, அவருடைய பூனை சம்மதிக்கவில்லை" என்றார் தாய்.

நண்பகல் கடந்து கதவு திறந்தது. கூண்டுகளின்மேல் பரிசுச் சீட்டுகள் காணப்பட்டன. அந்நாட்டில் முதற் பரிசுக்குச் சிவப்பு, இரண்டாவதற்கு நீலம், மூன்றாவதற்கு மஞ்சள். பெப்பரின் கூண்டிலே மஞ்சட் சீட்டு இருந்தது. சிறுமி சீட்டைப் பார்ப்பதற்கு முன் பூனையைப் பார்த்தாள். அது போர்வையின் நடுவிலே முன்னங்கால்களை மடித்து வைத்துக்கொண்டு அரைக்கண் மூடியிருந்தது. அவ்வழியே வந்த உதவியாளரிடம் அவள் கேட்ட முதற் கேள்வி, "அவள் பயந்தாளா?" என்பதே. "பயமா? மேசையிலே நின்றுகொண்டு உறுமினாள், நடுவரின் காதிற்கூடக் கேட்டிருக்கும்" என்றார் அவர். அவ்விடை கிடைத்த பின்னரே அவள் மஞ்சட் சீட்டைக் கையில் எடுத்தாள்.

இங்கே வியரின் பிற்கால வரலாற்றைக் குறிப்பிடல் பொருந்தும். 1887இல் பிரித்தானியாவில் தேசியப் பூனைக் கழகம் நிறுவப்பட்டபோது அவரே அதன் முதற் தலைவரானார். ஆயின் பின்னர் அப்பதவியிலிருந்து விலகினார். பூனைகளின் நலத்தைப் பேணுவதிலும் பரிசுகளை வெல்வதிலேயே உறுப்பினர் பலருக்கு நாட்டம் மிகுந்துவிட்டது என்பதே அவருடைய மனக்குறை. தாம் வளர்த்த மரம் வேறு திசையிற் சாய்வதைக் கண்டு வருந்திய அப்பெரியவர், பரிசு வேண்டாமென்று பெட்டியோடு வீடு திரும்பிய அம்மூதாட்டியைக் கண்டிருந்தால் நிச்சயம் மகிழ்ந்திருப்பார்.

நம் முற்றத்துப் பூனை

இவற்றையெல்லாம் எழுதக் காரணம், நம் ஊர்களிலும் கண்காட்சி நடத்த வேண்டும் என்பதன்று. பூனைக்குப் பரிசுச் சீட்டு வேண்டுவதில்லை. அதனை வாசிக்கவும் அஃது அறியாது. அம்மூன்று மாதத்தில் அவ்வீட்டார் அப்பூனைக்குக் கொடுத்த கவனமே நாம் கொண்டுவர விரும்பும் பொருள். அக்கவனத்தைக் கொடுப்பதற்குக் கடல் கடக்க வேண்டியதில்லை.

நம் நாட்டுப் பூனைக்கும் இவ்வரலாற்றிலே ஓர் இடம் உண்டு என்பதைப் பலர் அறியார். 1984ஆம் ஆண்டில் இத்தாலியைச் சேர்ந்த ஒருவர் இலங்கைக்கு வந்தபோது, இங்குள்ள பூனைகளின் எழிலிலே மனம் பறிகொடுத்துச் சிலவற்றைத் தம் நாட்டுக்குக் கொண்டு சென்றார். பொன்னிறமும் மணல் நிறமும் கலந்த உரோமம். அதிலே கரிய புள்ளியும் வரியும். நெற்றியிலே நாகபடம் போன்றதொரு குறி. அவற்றின் வழிவந்தவை 'சிலோன் பூனை' என்னும் பெயரோடு அந்நாட்டுக் கண்காட்சிகளில் வைக்கப்பட்டன. நாம் சந்தையடியில் விட்டுவிட்டு வருகின்ற குட்டியின் உறவினம், கடலுக்கு அப்பால் வெண்போர்வைமேல் அமர்ந்து நடுவரின் பாராட்டைப் பெற்றிருக்கிறது.

மாணவ மாணவியர்க்கு ஒரு சொல். உங்கள் வீட்டுப் பூனைக்கு நீங்களே நடுவராகலாம். வாரத்துக்கொருமுறை அதனை மடியில் வைத்து, கண் தெளிவாக உள்ளதா, காதிலே கரிய அழுக்குத் திரண்டுள்ளதா, ஈறு இளஞ்சிவப்பாக உள்ளதா, உரோமத்தினடியில் தெள்ளு ஊர்கின்றதா என்று பாருங்கள். அது விலக விரும்பினால் விட்டுவிடுங்கள், நாளை பார்க்கலாம். பிரித்தானிய வீடுகளிற் கவலையில்லாத ஓர் அபாயம் நமக்குண்டு. நீர்வெறுப்பு நோய் நம் நாட்டில் இன்னும் அற்றுப்போகவில்லை. அது நாயினால் மட்டுமன்றிப் பூனையின் கடியினாலும் கீறலினாலும் பரவக்கூடியது. ஆதலால் அந்நோய்க்கான தடுப்பூசியைப் பூனைக்கும் ஏற்றுவித்தல் வேண்டும். பூனை கடித்தாலோ கீறினாலோ காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் நன்கு கழுவி, தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். குட்டிகளை வீதியில் விடுவதைக் காட்டிலும், கருத்தடைச் சிகிச்சை செய்வித்துக் குட்டிகள் பெருகாமற் காப்பது அறமும் அறிவும் ஆகும்.

நல்ல காரியத்திற்குப் புறப்படும்போது பூனை குறுக்கே வந்தால் நாம் நின்று, திரும்பி, ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டுப் போகிறோம். அடுத்த முறை அவ்வாறு நிற்கும்போது, அப்பூனையின் கண்ணையும் காதையும் ஒருமுறை உற்றுப் பாருங்கள். அதுவும் பசித்திருக்கலாம், காயம்பட்டிருக்கலாம். தண்ணீரை அதற்கும் ஒரு சிரட்டையில் வைத்துவிட்டுப் போனால், போகின்ற காரியம் கெட்டுவிடாது.